மூலையில் போகும் ரயில்

மார்ச் 2

சின்னவளுக்கு,

அத்தான் எழுதுகிறேன். என் எண்ணை உன் போனில் தடுத்து வைத்திருக்கிறாய். உன் அக்காவின் போனிலிருந்து கூப்பிட்டாலும் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். வேறு வழியில்லாமல் பேனா பிடித்திருக்கிறேன். பாஸ்போர்ட் படத்துக்கு வந்த ஒரு மனிதர் தலை வாரிக்கொண்டு ஸ்டூலில் காத்திருக்கிறார். இருக்கட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். ரயில்வே தலைமை அலுவலகத்தில் அடுத்த ஆண்டுக் காலண்டருக்குப் பன்னிரண்டு ரயில் படங்கள் கேட்டிருக்கிறார்கள். பெரிய ஸ்டேஷன் காத்திருப்பு அறையில் மாட்டியிருக்கிற அந்தப் பரிசுப் படம் போலவே வேண்டுமாம். பிடித்துப்போனால் நிரந்தரப் போட்டோகிராபராக வைத்துக்கொள்வார்கள். மாதிரிக்கு மூன்று படம் எடுத்துக்கொண்டு போனேன். விளம்பரப் பிரிவு அதிகாரி அம்மா படங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படங்களைப் பார்த்தார். "அந்தப் படத்த எடுத்தது நீங்கதானா?" என்று கேட்டார். எனக்கு வியர்த்துவிட்டது. ஏசி அறை அது.

எனக்கு வெளிச்சம் தெரியும். இருபது வருஷமாகக் கல்யாண மேடையில் நின்றவன். ஆனால் கட்டத்துக்குள் எதை எங்கே வைப்பது என்பது உனக்கு வருகிற மாதிரி எனக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நாம் இரண்டு பேரும் தண்டவாளம் தண்டவாளமாகச் சுற்றியதை நினைத்தாவது நாலு யோசனை எழுதி அனுப்பு. அந்தப் பட விஷயமாக நீ மனதில் ஏதோ வைத்திருக்கிறாய். குடும்பத்தில் இதெல்லாம் சகஜம்.

அன்புடன்,
அத்தான்

*

மார்ச் 8

அத்தானுக்கு,

உங்களுக்கு வியர்த்தது என்று படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துவிட்டது. இந்தக் கிளை ஜங்ஷனுக்கு மாற்றலாகி வந்த பிறகு டிக்கெட் கவுன்டரில் நான் சிரித்தது அன்றைக்குத்தான். வரிசையில் நின்றவர்கள் பயந்துபோனார்கள்.

"ஏதோ" வைத்திருக்கிறேனாம். அந்த ஏதோவை எழுதுகிறேன், படியுங்கள். பனி மூடிய வயல். படத்தின் வலது கீழ் மூலையில் விரல் நீளத்துக்கு ஒரு சரக்கு ரயில். மீதி முழுக்க வெறும் வெளி. கரைமேல் ஒரு நாய் நின்று ரயிலைப் பார்க்கிறது. அந்த நாய் தலையைத் திருப்புவதற்காக நான் நாற்பது நிமிஷம் ஈரப் புல்லில் குப்புறக் கிடந்தேன். நீங்கள் காருக்குள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தீர்கள். கேமரா உங்களுடையது, பிலிம் உங்களுடையது, கழுவியது உங்கள் ஸ்டுடியோ. அதனால் படமும் உங்களுடையது ஆகிவிட்டது. பரிசு வாங்கும்போது, ஏன் இவ்வளவு இடத்தைக் காலியாக விட்டீர்கள் என்று கேட்டார்களாமே? "அதுவா அமைஞ்சுது சார்" என்றீர்களாம். அக்கா சொன்னாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கூட இவ்வளவு சுலபமாகச் சொல்லமாட்டார்.

படத்துக்குக் கீழே பித்தளைத் தகட்டில் உங்கள் பெயர் இருக்கிறது. நான் அதிகாரி அம்மாவிடம் போகாமல் இல்லை. "ஆதாரம் இருக்காம்மா? இல்லன்னா அவரையே எழுதிக் குடுக்கச் சொல்லு. அன்னிக்கே பேர மாத்திடறேன்" என்றார். நெகட்டிவைக் கேட்டேன், கரையான் தின்றுவிட்டது என்றீர்கள். உங்கள் பீரோ கரையானுக்குக்கூட என் படம்தான் ருசிக்கிறது.

எனக்கு வேண்டியது நாலு வார்த்தை. "படத்தை எடுத்தது என் கொழுந்தியாள்." எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். மறுதபாலில் நாலு யோசனை என்ன, நாற்பது யோசனை வரும்.

உங்கள் கொழுந்தியாள்

*

மார்ச் 15

சின்னவளுக்கு,

கடிதத்தை உன் அக்காவும் படித்தாள். படித்துவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள். தேய்த்த சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும்.

யார் பட்டனை அழுத்தியது என்று இத்தனை நாள் கழித்து யாருக்கு ஞாபகம் இருக்கிறது? நீ ஒன்று எடுத்தாய், நான் ஒன்று எடுத்தேன். அப்படி எதையாவது எழுதிக் கையெழுத்துப் போட நான் பைத்தியக்காரன் இல்லை. நாளைக்கு ஸ்டுடியோ வாசலில் எவன் படி ஏறுவான்? அதைத் தவிர எது வேண்டுமானாலும் கேள். என் தூர லென்ஸ் வேண்டுமா, எடுத்துக்கொள்.

மாதிரிப் படங்கள் மூன்றையும் இத்துடன் வைத்திருக்கிறேன். திட்டிக்கொண்டாவது பார்.

அத்தான்

*

மார்ச் 27

அத்தானுக்கு,

நன்றாக யோசித்தேன். நாம் இரண்டு பேரும் முறைத்துக்கொண்டு நின்றால் நடுவில் அக்காதான் நசுங்குகிறாள். தகட்டில் உங்கள் பெயரே இருந்துவிட்டுப் போகட்டும். பாடம் நடத்துகிறேன். லென்ஸ் வேண்டாம். பழைய கேமரா ஒன்றை நானே வாங்கி ஒரு வருஷமாகிறது.

உங்கள் மூன்று படங்களையும் கவுன்டரில் வைத்துப் பார்த்தேன். முதல் படத்தில் இஞ்சினை நட்டநடுவில் நிறுத்தி, இரண்டு பக்கமும் சமமாக இடம் விட்டிருக்கிறீர்கள். கல்யாணப் பெண்ணை நிறுத்திப் பழகிய கை. அத்தான், ரயில் உங்களைப் பார்த்துச் சிரிக்க வரவில்லை, அதற்குப் போகிற இடம் இருக்கிறது. இரண்டாவதில் அதன் மூக்கு படத்தின் ஓரத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது. ஓடுகிற ஒன்றுக்கு முன்னால் ஓட இடம் விடவேண்டாமா? பின்னால் கிடக்கிற வெட்டவெளி யாருக்கு? மூன்றாவதைப் பார்த்து நானும் போர்ட்டரும் சேர்ந்து சிரித்தோம். சிக்னல் கம்பம் இஞ்சின் தலையிலிருந்து முளைத்திருக்கிறது. ஒரே ஓர் அடி இடப்பக்கம் நகர்ந்திருந்தால் கம்பம் விலகியிருக்கும். அந்த ஓர் அடிக்கு உங்களுக்குச் சோம்பல். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக, ரயில்வேக்காரன் கம்பத்தைத் தப்பான இடத்தில் நட்டுவிட்டான் என்பீர்கள்.

இனி நான் சொல்கிற இடத்தில், சொல்கிற நேரத்தில் மட்டும் எடுங்கள். பன்னிரண்டு இடமும் நான் தருகிறேன். முதல் இடம்: ஏழாம் கிலோமீட்டர் கல்லுக்கு எதிரே, வேலிக்கு வெளியே, சாய்ந்து நிற்கிற ஒரு கல்தூண். அதை ஒட்டி ட்ரைபாடை முழங்கால் உயரத்துக்கு இறக்குங்கள். காலை 6.40 பயணிகள் வண்டி. வளைவு திரும்பி, இஞ்சின் படத்தின் இடது மூன்றில் ஒரு பங்குக்கு வந்த பிறகுதான் அழுத்தவேண்டும். கை துறுதுறுவென்றால் மடக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கொழுந்தியாள்

*

ஏப்ரல் 10

சின்னவளுக்கு,

உனக்குக் கோடி புண்ணியம். ஆறு நாள் விடியற்காலையில் போனேன். முதல் நாள் காலில் முள். இரண்டாம் நாள் வண்டியே வரவில்லை. மூன்றாம் நாள் வண்டி வந்தது, குறுக்கே ஓர் ஆடும் வந்தது. நாலாம் நாள் நீ சொன்னதை மறந்து நடுவிலேயே அழுத்திவிட்டேன். கை பழகியது போகமாட்டேன் என்கிறது. ஐந்தாம் நாள் மழை. ஆறாம் நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, மனதுக்குள் "இன்னும் வரட்டும், இன்னும் வரட்டும்" என்று சொல்லிக்கொண்டே இருந்து அழுத்தினேன்.

படம் கழுவி ஈரம் காய்வதற்குள் உன் அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இது நீங்க எடுத்ததா?" என்றாள். இப்போதெல்லாம் எல்லோரும் என்னிடம் இந்த ஒரு கேள்வியைத்தான் கேட்கிறார்கள்.

உடனே அடுத்த இடங்களை எழுது.

அத்தான்

*

ஏப்ரல் 19

அத்தானுக்கு,

ஆடு வந்த படத்தை எறிந்துவிடாதீர்கள். ஆட்டை நீங்கள் நடுவில் நிறுத்தியிருப்பீர்கள், அது மட்டும் நிச்சயம்.

இரண்டாவது இடம் ஆற்றுப் பாலம். பாலம் முழுவதும் வேண்டும் என்று பேராசைப்படாதீர்கள். மூன்று தூண் போதும். தண்ணீருக்குக் கீழ்ப்பாதி முழுவதையும் கொடுங்கள். தண்ணீரில் தெரிகிற ரயில் அறுபடாமல் இருக்கவேண்டும். மூன்றாவது, பருத்தி ஆலைச் சுவர். சுவரில் ஒரு பெரிய ஓட்டை இருக்கும். அந்த ஓட்டைக்குள் ரயில் தெரியட்டும். உடைந்த செங்கல்லே உங்களுக்குச் சட்டம் போட்டுக்கொடுக்கும். நாலாவது, பழைய தண்ணீர்த் தொட்டியின் சிமென்ட் மேடை. மேலே ஏறி நின்றால் நாலு தடம் ஒன்றாகச் சேருகிற இடம் தெரியும். தடங்கள் கண்ணை இழுத்துக்கொண்டு போகிற திசையில்தான் வண்டி இருக்கவேண்டும். மாலை 5.15 எக்ஸ்பிரஸ்.

ஒவ்வொரு இடத்திலும் நான் சொன்ன உயரம், நான் சொன்ன புள்ளி. சொந்த மூளையை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள், இதுவரை அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

கொழுந்தியாள்

*

மே 14

சின்னவளுக்கு,

மூன்றும் முடிந்தது. தொட்டி மேடையில் நீ சொன்ன புள்ளியைக் கண்டுபிடிக்கக் கொஞ்சமும் கஷ்டப்படவில்லை. ட்ரைபாட் தானாகவே போய் உட்கார்ந்துகொண்டது.

மீதி எட்டு இடத்தையும் இதே துல்லியத்தோடு எழுது. உன் புத்திக்கு முன்னால் நானெல்லாம் எந்த மூலை? நீ திட்டுவதுகூட இப்போது இனிக்கிறது.

உன் பணிவுள்ள மாணவன்,
அத்தான்

*

மே 22

பணிவுள்ள மாணவருக்கு,

எட்டு இடமும் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் வண்டி நேரம், உயரம், அழுத்த வேண்டிய கணம் எல்லாம் இருக்கிறது. பன்னிரண்டாவதுதான் கடினம். ஸ்டேஷன் நடைமேம்பாலத்திலிருந்து, வண்டி உள்ளே நுழையும்போது பெட்டிக் கூரைகளின் வரிசை மட்டும் தெரிகிற மாதிரி.

ஜூலை முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள். அதிகாரி அம்மாவிடம் என் வணக்கத்தைச் சொல்லவேண்டாம். அவருக்கு என்னைத் தெரியும்.

கொழுந்தியாள்

*

ஜூலை 24

சின்னவளுக்கு,

பன்னிரண்டும் நேற்றுப் பதிவுத்தபாலில் போய்விட்டது. முட்டி இரண்டும் காய்த்துப்போயிருக்கின்றன. ஸ்டுடியோவில் ஒரு கல்யாண ஜோடியை ஓரமாக நிறுத்தி எடுத்தேன், பெண்ணின் அப்பா சண்டைக்கு வந்துவிட்டார். எல்லாம் உன்னால்.

அத்தான்

*

ஆகஸ்ட் 2

அத்தானுக்கு,

இந்தக் கடிதத்துக்காக நான் நாலு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

அந்தப் பன்னிரண்டு இடமும் நான் போன வருஷமே எடுத்து முடித்த இடங்கள். அதே கல், அதே ஓட்டை, அதே வண்டி, அதே உயரம். உங்களுக்கு முதல் பாடம் எழுதியதற்கு முந்தின நாள், மார்ச் 26, என் பன்னிரண்டு படங்களையும் அரக்கு வைத்து ஒட்டி அதிகாரி அம்மாவுக்கு அனுப்பிவிட்டேன். காலண்டர் படங்கள் வந்து சேர்ந்த பிறகு பிரிக்கவும் என்று மேலே எழுதியிருந்தேன். உறைமேல் தபால் முத்திரையில் தேதி இருக்கிறது. இப்போது அவர் மேஜையில் இரண்டு கட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு திருட்டு! பன்னிரண்டு படம் திருடியவன் பதிமூன்றாவதையும் திருடியிருக்கமாட்டானா என்று அவர் நினைக்கமாட்டாரா?

நாலு வார்த்தை கேட்டேன். கொடுக்கவில்லை. என் சொந்த அக்கா புருஷன் என்று பார்த்தேன், நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பெரிய ஸ்டேஷன் வழியாகப் போகிற ஒவ்வொரு தடவையும் இறங்கி அந்தத் தகட்டைப் பார்த்திருக்கிறேன். ஒரு தடவை ஒரு சின்னப் பெண் அதன் முன்னால் நின்று உங்கள் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். அன்று இரண்டு வண்டியைத் தவறவிட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

இனி நீங்கள் உட்காருங்கள்.

கொழுந்தியாள்

*

ஆகஸ்ட் 9

என் அருமைச் சின்னவளே,

உட்கார்ந்துதான் படித்தேன். சாய்வு நாற்காலியில், காலை நீட்டிக்கொண்டு. இரண்டாம் தடவை சத்தமாகப் படித்தேன்.

தண்ணீர்த் தொட்டி மேடையில் மூன்று வெள்ளைப் பெயின்ட் பொட்டு. ட்ரைபாடின் மூன்று காலுக்கும் மூன்று. எந்த இடத்தில் நல்ல படம் கிடைத்தாலும், வேறொரு பருவத்தில் திரும்ப வந்து எடுக்கவேண்டும் என்று கால் வைத்த இடத்துக்குப் பொட்டு வைக்கிற பைத்தியம் இந்த உலகத்தில் ஒருத்திதான். அந்தப் பெயின்ட் டப்பாவை எத்தனை ஞாயிற்றுக்கிழமை நான் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன்! மற்ற இடங்களில் துடைத்திருக்கிறாய், அங்கே மறந்துவிட்டாய். அந்த மேடைக்கு நாம் சேர்ந்து போனதே இல்லை. அன்றைக்கே உன் திட்டம் முழுவதும் எனக்கு விளங்கிவிட்டது. ஒப்பந்தம் போச்சு என்றும் தெரிந்துவிட்டது. சரி, போகிற போக்கில் உனக்கும் ஒரு பாடம் நடத்திவிட்டுப் போவோம் என்று எண்ணிக்கொண்டேன். மீதி எட்டு இடத்துக்கும் விசுவாசமாகப் போய் எடுத்தேன்.

பன்னிரண்டு படத்தையும் உன் பெயரில் அனுப்பினேன். அனுப்புநர் நீ, எடுத்தவர் நீ, விலாசம் உன் கவுன்டர். இப்போது அதிகாரி அம்மா மேஜையில் இருக்கிற இரண்டு கட்டிலும் ஒரே பெயர்தான். யார்மேல் புகார் சொல்வாய்? உன்மேல் நீயேவா?

சின்னவளே, உன்னிடம் ஒளிக்காமல் சொல்கிறேன், இனிமேல் எனக்கு என்ன பயம்? அந்த நாய்ப் படத்தை எடுத்தது நீதான். நான் காரில் தூங்கிக்கொண்டுதான் இருந்தேன். பிலிமைக் கழுவியபோது பார்த்தேன், வயிறு எரிந்தது, என் பெயரைப் போட்டு அனுப்பினேன். நெகட்டிவைக் கரையான் தின்னவில்லை. பீரோவில் மேல்தட்டில் பத்திரமாக இருக்கிறது. அப்படி ஒரு படம் என் வாழ்க்கையில் எனக்கு வராது என்று தெரிந்துதான் எடுத்துக்கொண்டேன். இரண்டு வருஷம் அடுத்தவர் படத்துக்கு வாழ்த்து வாங்கினால் எப்படி இருக்கும் தெரியுமா? தெரிந்துகொள். இனி உனக்கும் அதே பாடுதான். நான் எடுத்த பன்னிரண்டு படத்துக்குக் கீழே உன் பெயர் வீடு வீடாகத் தொங்கும். பன்னிரண்டாவதைக் கொஞ்சம் நன்றாகப் பார். அதை நீ சொன்ன மாதிரி எடுக்கவில்லை.

வல்லவனுக்கு வல்லவன் வையகத்தில் உண்டு.

இப்படிக்கு,
உன்னைப் போலவே ஆகிவிட்ட, இல்லை, உன்னைத் தன்னைப் போல ஆக்கிவிட்ட
அத்தான்

*

ஆகஸ்ட் 30

அத்தானுக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு முந்தின நாள் அதிகாரி அம்மாவிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. "உங்களுடைய இரண்டாவது கட்டு முதல் கட்டைவிடச் சிறப்பாக இருக்கிறது. ஒளி நன்றாகக் கைவந்திருக்கிறது. வாழ்த்துகள்." ஒன்றும் புரியாமல் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. அடுத்த நாள் உங்களுடையது வந்தது. படித்தேன். கவுன்டரை மூடிவிட்டு உள்ளே போய் அழுதேன். நீங்கள் ஆசைப்பட்டபடியே எல்லாம் நடந்தது, அதை மறைக்கவில்லை. என் இடம், என் உயரம், என் வண்டி நேரம், ஆனாலும் என்னுடையதைவிட நல்ல படம்! அதை எழுத இப்போதும் கை கூசுகிறது.

முகம் கழுவிவிட்டு வந்து மறுபடி படித்தேன். அப்போதுதான் அத்தான், உங்கள் கடிதத்தின் நாலாவது பத்தி கண்ணில் பட்டது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நீங்கள் பேனாவால் கெட்டீர்கள். நான் நாலு வார்த்தைதான் கேட்டேன். நீங்கள் ஒரு பத்தியே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்திருக்கிறீர்கள். நெகட்டிவ் எந்தத் தட்டில் இருக்கிறது என்பது உட்பட.

மறுநாள் லீவு போட்டேன். போகிற வழியில் அக்காவைப் பார்த்தேன். கடிதத்தைக் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தாள். பிறகு உள்ளே போய் ஸ்டூல் போட்டு ஏறி, பீரோ மேல்தட்டிலிருந்து அந்த உறையை எடுத்துக்கொண்டு வந்தாள். "நானும் வரேன்டி" என்றாள். நீங்கள் ஸ்டுடியோவில் யாரையோ சிரிக்கச் சொல்லிக்கொண்டிருந்திருப்பீர்கள்.

அதிகாரி அம்மா கடிதத்தைப் படித்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அந்த நாய்ப் படத்துக்கு முன்னாலும் பின்னாலும் அதே பிலிமில் நான் எடுத்த அக்கா படங்கள் இருந்தன. காரில் வாயைத் திறந்துகொண்டு நீங்கள் தூங்குகிற படமும் இருந்தது. "இவர்தானா?" என்று கேட்டார். அக்காதான் ஆமாம் என்றாள்.

காலண்டரில் முதல் பதினொரு மாதமும் என் மார்ச் மாதக் கட்டிலிருந்து போகிறது. சுமாரான வெளிச்சம்தான், ஆனால் என்னுடையது. நிரந்தர வேலையை எனக்குக் கொடுத்தார்கள். வேண்டாம் என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு வருவேன் என்று நினைக்காதீர்கள். அங்கேயே வாங்கிக்கொண்டேன்.

டிசம்பருக்கு உங்கள் பன்னிரண்டாவது படம். நான் வண்டி உள்ளே வரும்போது எடுக்கச் சொன்னேன். நீங்கள் போகவிட்டு எடுத்திருக்கிறீர்கள். மேல் ஓரத்தில் கடைசிப் பெட்டியின் பாதி மட்டும் மிச்சம், கீழே அவ்வளவு நீள நடைமேடையில் பையோடு ஒரே ஒரு மனிதர், வண்டியைத் தவறவிட்டவர். அதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. உங்களுக்கு அன்றைக்கு எப்படி எரிந்திருக்கும் என்று தெரிந்தது. ஆனால் நான் அதை வைத்துக்கொள்ளவில்லை. அதிகாரி அம்மா, "இத உங்க பேர்லயே விட்டுடலாமே, யாருக்குத் தெரியப்போவுது?" என்றார். உங்கள் பெயரை எழுதி, எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வந்தேன். அடுத்த வருஷம் டிசம்பர் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டிருங்கள். உங்களால் முடிந்திருக்கிறது. திருடாமலேயே முடிந்திருக்கும்.

பிறகு காத்திருப்பு அறைக்குப் போனோம். ப்யூன் ஸ்க்ரூடிரைவரோடு வந்தார். நான்தான் கழற்றுவேன் என்று அதை வாங்கிக்கொண்டேன். அக்கா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். நாலு ஸ்க்ரூவும் துருவேறிக் கிடந்தன, கடைசி ஒன்று வரவேமாட்டேன் என்றது. கீழே இறங்கியபோது அக்கா அழுதுகொண்டிருந்தாள். உங்களுக்காகவா, எனக்காகவா என்று நான் கேட்கவில்லை. அவள் ஒரு மாதம் என்னோடு இங்கே இருக்கப்போகிறாள். கூப்பிடாதீர்கள். இப்போது அவள் போனிலும் உங்கள் எண் தடுக்கப்பட்டிருக்கிறது.

தகட்டை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அதில் இருப்பது உங்கள் பெயர். அடுத்தவர் பெயரை நான் வைத்துக்கொள்வதில்லை.

கொழுந்தியாள்